வழித்தால் லேசர், வளர்த்தால் ஊசி

"அப்ப அந்த அஞ்சு நாளும் நான் என்ன பண்றது டாக்டர்?"

"ஒண்ணும் பண்ணாதீங்க. அதான் வைத்தியமே."

"ஒண்ணும் பண்ணாமன்னா?"

"முடியப் புடுங்கக் கூடாது. நூல் போடக் கூடாது. மெழுகு, மாவு எதுவும் கிட்ட வரக் கூடாது. முளைக்கிறது முளைக்கட்டும். வெளியில ஒரு எள்ளு நீளமாவது நீட்டிக்கிட்டு இருந்தாத்தான் ஊசி எந்தச் சாய்வுல இறங்கணும்னு தெரியும்."

எழில்மொழி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டிருந்தாள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையில், பல் மருத்துவருக்கும் தோல் மருத்துவருக்கும் ஒரே மாடிப்படி இருந்த கட்டடம் அது. அந்த ஒரு காரணத்துக்காகவே இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாள். தெரிந்தவர் யாராவது படியில் பார்த்துவிட்டால் கடைவாய்ப் பல்லைச் சொல்லிக்கொள்ளலாம்.

"லேசர்னா வளக்க வேணாமில்ல?"

"வேணாம். தினம் வழிச்சுக்கலாம். ஆனா புடுங்குறது அதுக்கும் ஆகாது. வேர் உள்ள இருந்தாத்தானே வெளிச்சம் தேடிப் போய்ச் சுடும்?" டாக்டர் அம்ருதா எழுந்து வந்து, அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். எழில்மொழியைவிட நாலைந்து வயதுதான் மூத்திருப்பார். தாடைக்கு அடியில் விரல் வந்து நின்றது. "இது எங்க பண்ணிக்கிட்டது?"

அங்கே ஐந்து ரூபாய்க் காசு அகலத்தில் இரண்டு கருந்திட்டுகள் இருந்தன.

"கும்பகோணத்துல ஒரு பார்லர்ல. கல்யாணத்துக்கு முன்னாடி."

"வெயில்ல போகாதீங்கன்னு சொல்லலையா?"

"சொன்னாங்க. அப்ப குறுவை கொள்முதல் டாக்டர். நெல்லு களத்துல கெடக்கு. நான் நெழல்ல உக்காந்தா பில்லு யாரு போடுறது?"

"இப்ப?"

"இப்ப சம்பா."

டாக்டர் சிரித்துவிட்டு, உடனே அதை அடக்கிக்கொண்டார். "லேசருக்குத் தெரிஞ்சது கறுப்பு மட்டும்தான். கறுப்பு எங்க இருந்தாலும் போய்ச் சுடும். உங்க முடியும் கறுப்பு, வெயில்ல காஞ்ச தோலும் கறுப்பு. அதுக்கு எது எதுன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியல, அதான் இந்தத் திட்டு. தோல் பழைய நெறத்துக்கு வரணும், அதுவரைக்கும் வெயில் ஆகாது. அப்புறம் அளவு கொறச்சு வச்சு ஆரம்பிக்கலாம். பரவலா இருக்குறது சீக்கிரம் கொறையும். ஆனா இந்த எடத்துல மூணு வெள்ளை முடி இருக்கு பாருங்க, அத லேசர் கண்டுக்கவே கண்டுக்காது."

"எனக்கு இருபத்தேழுதான் டாக்டர் ஆகுது."

"அது முடிக்குத் தெரியாதே."

ஊசி வேறு மாதிரி என்றார். மயிரிழை அளவுக்கு மெல்லிய கம்பி. ஒவ்வொரு முடியின் துளை வழியாகவும் அது உள்ளே இறங்கும். இம்மி அளவு மின்சாரம் வேரைப் பொசுக்கும். கறுப்பு வெள்ளை என்ற பேதம் அதற்கு இல்லை, தோலின் நிறமும் பிரச்சினை இல்லை. செத்த வேர் திரும்ப முளைக்காது. ஆனால் ஒன்று ஒன்றாகத்தான் எடுக்க வேண்டும். வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை திருச்சியிலிருந்து வரும் பெண் அதைச் செய்வாள். ஒன்றரை வருடமாவது ஆகும். முடி வளரக் காரணமான சினைப்பை நீர்க்கட்டிக்கு மாத்திரை தனியாக நடந்துகொண்டிருக்கட்டும்.

"கோரை மாதிரி," என்றாள் எழில்மொழி.

"என்னது?"

"வயல்ல கோரை முளைக்கும் டாக்டர். மேலாப்புல அறுத்தா அடுத்த வாரம் ரெண்டா வரும். அடியில கெழங்கு இருக்கு. கெழங்கத் தோண்டி எடுத்தாத்தான் போகும்."

"எங்க தாத்தாவுக்கு நெலம் இருந்துச்சு. எனக்கு அரிசிதான் தெரியும்," என்றார் டாக்டர். பிறகு சீட்டில் எழுதத் தொடங்கினார். "செவ்வாய்க்கிழமையோட நிறுத்துங்க. அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு வாங்க. வழிச்சுக்கிட்டு வந்தீங்கன்னா லேசருக்குத் தேதி குறிப்போம். வளத்துக்கிட்டு வந்தீங்கன்னா அன்னைக்கே ஊசி. வாயால சொல்லக்கூட வேணாம், உங்க முகத்தப் பாத்தே தெரிஞ்சுக்கிறேன்."

படியிறங்கும்போது எழில்மொழி அதையே திரும்பத் திரும்ப யோசித்தாள். இரண்டு வைத்தியத்துக்கும் நடுவே இருந்த வித்தியாசம் டாக்டர் சொன்னது அல்ல என்று அவளுக்குத் தோன்றியது. வழித்தால் கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். வளர்த்தால் கைக்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடும். பத்து வருடமாக அவள் விடியற்காலை நாலரைக்கு எழுந்து, குளியலறைக் கதவைத் தாழிட்டு, ப்ளக்கரால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தது கண்ணுக்கும் கைக்கும் சேர்த்துத்தான். இரண்டு வைத்தியமுமே அந்தக் கதவைத் திறக்கச் சொல்கின்றன.

கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவன் நெடுமாறன். ஐப்பசியில் கல்யாணமாகி, இப்போது மாசி. நாகப்பட்டினம் துறைமுகத்தில் விசைப்படகு இன்ஜின்களைப் பிரித்துச் சேர்க்கிற பட்டறையில் வேலை. சனிக்கிழமை மாலை பஸ் பிடித்து, அம்மாப்பேட்டையில் அவள் தனியாக இருக்கும் வாடகை வீட்டுக்கு வருவான், திங்கள் விடிகாலையில் போவான். இந்த வாரம் ஒரு பெரிய இன்ஜினைப் பிரித்துப் போட்டிருந்ததால் வரவில்லை. அதனால்தான் அவளால் இங்கே வர முடிந்தது.

அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எதையாவது கெஞ்ச வேண்டுமானால் அவள் தாவாங்கட்டையைப் பிடித்துக்கொள்வான். கல்யாணமான மூன்றாவது வாரம், சினிமாவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டு மறந்துபோய்த் தூங்கிவிட்டான். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அரிசி களைந்துகொண்டிருந்தபோது எதிரில் வந்து குந்தி, ஐந்து விரலையும் குவித்து அவள் மோவாயைப் பிடித்தான். "கோவிச்சுக்காத தாயே, கோவிச்சுக்காத." அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மணி என்ன என்று பார்த்தாள். மாலை ஐந்து. பிடுங்கி பன்னிரண்டு மணி நேரம் கடந்திருந்தது. அன்றிலிருந்து அவன் கை உயரும்போதெல்லாம் அவள் கண் கடிகாரத்துக்குப் போய்விடும்.

அவன் விரல்கள் காய்த்துப்போன விரல்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது, ஒரு நாள் அவனே அதைக் கெடுக்கும் வரை. "சிலிண்டர் ஹெட்டுல விரிசல் இருந்தா எங்க மொதலாளி லென்ஸ் வச்சுப் பாப்பாரு. எனக்கு அது வேணாம். கண்ண மூடிக்கிட்டு விரல ஓட்டுவேன். மயிரிழை விரிசல்கூட விரல்ல வந்து சொல்லும்," என்றான். பெருமையாகத்தான் சொன்னான். அவளுக்கு அன்று இரவுச் சோறு இறங்கவில்லை.

பழைய பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு மருந்துக் கடையில் ரேசர் ஒன்று வாங்கினாள். ரோஸ் நிறப் பிளாஸ்டிக் பிடி, முனையில் மூடி. கைப்பையின் உள் ஜிப்பில் வைத்து மூடினாள். முடிவு எடுக்க ஞாயிறு வரை நேரம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டாள். உண்மையில் அவன் வந்து சேரும் சனிக்கிழமை இரவு எட்டு மணி வரைதான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை கடைசியாகப் பிடுங்கினாள். புதன்கிழமை ஒன்றும் தெரியவில்லை. விரலுக்கு மட்டும் ஏதோ ஒரு சொரசொரப்பு. வியாழக்கிழமை கண்ணாடியில் ஒரு நிழல் விழுந்தது. முகத்தைத் திருப்பினாலும் அது திரும்பாமல் அதே இடத்தில் நின்றது. வெள்ளிக்கிழமை அதை நிழல் என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை.

வேலைக்குப் போவதில் மட்டும் பயமில்லை. வெண்ணாற்றங்கரையில் இருந்த அந்த நெல் கொள்முதல் நிலையத்தில் அவள் பில் போடுகிறவள். தூற்றும் இயந்திரம் காலையில் ஓடத் தொடங்கினால் மாலை வரை நெல் சுணை பறக்கும். கண் எரியும், கழுத்து அரிக்கும். விவசாயி, லோடுமேன், லாரி டிரைவர் எல்லோருமே மூக்குக்கு மேல் துணி கட்டிக்கொண்டுதான் நடமாடுவார்கள். உலகத்தில் முகத்தை மூடிக்கொண்டால்தான் எல்லோரையும் போல இருக்க முடிகிற ஒரே இடம் தனக்கென்று வாய்த்திருப்பதாக அவளுக்கு அவ்வப்போது தோன்றும். அரக்குத் துப்பட்டாவை இரண்டு சுற்றுச் சுற்றிப் பின்னால் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். அடியில் சுணையும் முடியும் சேர்ந்து நமைச்சலெடுத்தது. சொறிய முடியவில்லை. சொறிந்தால் எங்கே சொறிகிறாள் என்று தெரிந்துவிடும்.

"என்ன மேடம், டீக்குக்கூட அவுக்க மாட்டேங்கிறீங்க?" லோடுமேன்களுக்குத் தலைவரான வைரக்கண்ணு வெள்ளிக்கிழமை கேட்டார். ஐம்பது வயது, நெல் சிப்பத்தைத் தோளில் வைத்துக்கொண்டே நின்று கதை பேசுகிற மனிதர். "துணி மேலயே ஊத்தி வடிகட்டிக் குடிக்கிறீங்களா?"

"சளிண்ணே."

"மூணு நாளாவா சளி? எங்க வீட்டுக்காரி மூக்குத்தியத் தொலச்சப்ப இப்படித்தான் மூஞ்சிய மூடிக்கிட்டுத் திரிஞ்சா. நீங்க என்னத்தத் தொலச்சீங்க?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் கண்ணால் சிரித்தாள். "உங்க சிப்பத்துல ரெண்டு கிலோ கொறையுதுண்ணே, அதத்தான் தேடுறேன்," என்றாள். சிரிப்பு அவர் பக்கம் திரும்பியது. டீ அவள் கையிலேயே ஆறிப்போனது.

வீட்டில்தான் சிரமம். மாலை ஏழரைக்கு நெடுமாறன் வீடியோவில் கூப்பிடுவான். அவள் போனைக் கட்டிலில் மல்லாத்தி வைத்துவிட்டு, விசிறியைக் காட்டிக்கொண்டே பேசினாள்.

"முகத்தக் காட்டு."

"சிக்னல் இல்லைங்க."

"சிக்னல் இல்லாமலா ஃபேன் இவ்வளவு தெளிவா தெரியுது? றெக்கையில இருக்குற தூசிகூடத் தெரியுது."

"வேலை அதிகம்ங்க. களைப்பா இருக்கு."

அந்தப் பக்கம் பட்டறையில் யாரோ இரும்பைத் தட்டும் சத்தம். பிறகு அவன் குரல் கொஞ்சம் இறங்கி வந்தது. "எழில், எம்மேல எதாச்சும் கோவமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"போன வாரம் வரலன்னா?"

"இல்லைங்க."

"சரி, சனிக்கெழம வந்து தாவாங்கட்டையப் புடிச்சாத்தான் நீ வழிக்கு வருவ."

அவள் போனை அணைத்துவிட்டுக் கைப்பையைத் திறந்தாள். ரேசரின் மூடியைக் கழற்றிக் கண்ணாடி முன் நின்றாள். இரண்டு நிமிட வேலை. வழித்துவிட்டால் சனிக்கிழமை பார்வைக்குத் தப்பிக்கலாம். ஆனால் அவன் விரல்? காலையில் வழித்தது மாலையில் உப்புத்தாள் மாதிரி இருக்கும். வழிக்காமல் விட்டால் விரல்வரை போகவே வேண்டாம், வாசலிலேயே பார்த்துவிடுவான். பார்த்துவிட்டு என்ன செய்வான்? அவளால் அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை. திட்டுவான் என்றுகூடத் தோன்றவில்லை. திட்டுகிறவன் இல்லை. ஒன்றுமே சொல்லாமல் இருப்பான். அடுத்த முறை கெஞ்ச வரும்போது கையை உயர்த்திவிட்டு, பாதி வழியில் நினைவு வந்து, தோளில் வைப்பான். அந்தக் கை பாதி வழியில் நிற்பதை அவள் கண்ணாடிக்குள் பார்த்தாள்.

மூடியைத் திரும்பப் போட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு முடிவு செய்துகொள்ளலாம்.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குத் தெற்கே வானம் கறுத்தது.

மாசியில் யாரும் எதிர்பார்க்காத மழை. களத்தில் பதினோரு பேருடைய நெல் திறந்து கிடந்தது. ஆறு மூட்டை ஈரமானால் அவரவருக்கு அழுகை. நெல்லைக் குவித்த அம்பாரம் நனைந்தால் ஊரே வந்து நிற்கும். வைரக்கண்ணு கத்திக்கொண்டே ஓடினார். விவசாயிகள் கையில் கிடைத்த சாக்கை எல்லாம் தூக்கிப் போட்டார்கள். கொட்டகையின் மூலையில் பெரிய படுதா சுருட்டிக் கிடந்தது. போன மழைக்கு யாரோ நைலான் கயிற்றால் அதைச் சுற்றிச் சுற்றி முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். முடிச்சு கல்லாக இறுகியிருந்தது.

"கத்தி எங்கடா?"

"லாரில போயிருச்சுண்ணே."

முதல் துளி தகரத்தில் விழுந்தது. எழில்மொழி முடிச்சில் நகத்தைக் கொடுத்து இழுத்துக்கொண்டிருந்தாள். அப்போது பக்கத்தில் வேறு இரண்டு கைகள் வந்து கயிற்றைப் பிடித்தன. டீசல் வாசனை. நிமிர்ந்து பார்த்தாள். தோளில் பயணப்பையோடு நெடுமாறன் நின்றிருந்தான்.

"அரை நாள் லீவு போட்டுட்டேன்," என்றான். அவ்வளவுதான் சொன்னான். அதற்குள் முடிச்சைப் பார்த்துவிட்டான். "இது அவுறாது. அறுக்கணும். பிளேடு இருக்கா?"

"இல்லீங்க."

"ஒன் பையில?" மேசை மேல் கிடந்த அவள் கைப்பையை எட்டி எடுத்தான். அவள் வேண்டாம் என்றாள். வாயைச் சுற்றி இரண்டு சுற்றுத் துணி, வெளியே காற்று, தகரத்தில் மழை. அந்தச் சொல் துணியைத் தாண்டவில்லை. அவன் சீப்பை ஒதுக்கினான், சாவிக் கொத்தை ஒதுக்கினான், உள் ஜிப்பை இழுத்தான்.

ரோஸ் நிறப் பிடி அவன் உள்ளங்கையில் கிடந்தது. ஒரு கணம் அதைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"தம்பி, சீக்கிரம்!" வைரக்கண்ணு அலறினார்.

நெடுமாறன் ரேசரைத் தரையில் போட்டுச் செருப்புக் காலால் ஒரு மிதி மிதித்தான். பிளாஸ்டிக் பிளந்தது. குனிந்து, மெல்லிய பிளேடை நகத்தால் உருவி எடுத்து, கயிற்றில் வைத்து அறுத்தான். ஒன்று, இரண்டு, மூன்று இடம். படுதா சரிந்து விரிந்தது. பத்துப் பேர் ஆளுக்கொரு மூலையாய்ப் பிடித்து ஓடினார்கள். எழில்மொழியும் ஒரு மூலையைப் பிடித்தாள். சரியாக அம்பாரத்தின் உச்சியை மூடும்போது மழை மொத்தமாக இறங்கியது.

ஓரத்தில் நாலைந்து மூட்டை நெல் நனைந்ததோடு தப்பித்தது. ஆனால் எல்லோரும் தொப்பலாகிவிட்டார்கள். நனைந்த துணி மூக்கை அடைத்ததால் அவரவர் துண்டை அவிழ்த்துப் பிழிந்துகொண்டே எதிர்ப்புறம் டீக்கடையின் கீற்றுக் கொட்டகைக்கு ஓடினார்கள். கொட்டகையில் தராசுக்குப் பக்கத்தில் எழில்மொழியும் நெடுமாறனும் மட்டும் நின்றார்கள்.

துப்பட்டா முகத்தில் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுபட்டது. மூச்சு பாதிதான் வந்தது.

"மேடம், இப்பவாச்சும் அவுத்துப் புழிங்க! வீட்டுக்காரருதான் வந்துட்டாரே, இன்னும் என்ன வெக்கம்!" எதிரிலிருந்து வைரக்கண்ணு கத்தினார். மழையில் சிரிப்புச் சத்தம் நனைந்து வந்தது.

நெடுமாறன் சிரிக்கவில்லை. மேசையிலிருந்து பழைய பில் தாள் ஒன்றை எடுத்து, பிளேடை அதில் வைத்து மடித்தான். இன்னொரு முறை மடித்தான். இன்னொரு முறை. நெல்மணி அளவுக்குச் சிறுத்துவிடும் என்பதுபோல மடித்துக்கொண்டே இருந்தான்.

"எழில், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?"

அவள் தலையை அசைத்தாள்.

"இது என்னத்துக்குப் பையில?"

"சாக்கு அறுக்க..."

"பிளேடு இருக்கான்னு கேட்டப்ப இல்லைன்னுதானே சொன்ன." அவன் நிமிரவில்லை. "நீ அத உள் ஜிப்புல ஒளிச்சு வச்சிருந்த."

மழை தகரத்தை அடித்தது. இன்ஜினைப் பிரிக்கும்போது எந்த நட்டை முதலில் தொடுவது என்று நிற்கிற மாதிரி நின்றான்.

"நாலு நாளா மொகம் காட்டல. ரெண்டு வார்த்தைக்கு மேல பேசல. நேத்து ராத்திரி முழுக்கத் தூங்கல எழில் நான். மொதலாளிகிட்ட பொய் சொல்லிட்டு வந்தேன். இங்க வந்து பாத்தா, பையில பிளேடு." மடித்த தாளை மறு கைக்கு மாற்றினான். "புடிக்காத கல்யாணமா இருந்தா சொல்லிரு. ஒங்க வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் நான் பதில் சொல்லிக்கிறேன். வேற எதுவும் நெனச்சிராத. வேற எதுவும் பண்ணிக்காத. அது மட்டும் எனக்கு வேணாம்."

அவளுக்கு அது புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்ததும் தராசின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து நாளாக அவள் எல்லாக் கணக்கையும் போட்டுப் பார்த்திருந்தாள். அவன் கண்ணில் படுவது, கையில் படுவது, அருவருப்பு, மௌனம், பாதி வழியில் நிற்கும் கை. இது அதில் இல்லை. அவள் ஒளித்து வைத்தது ஒரு முடி. அவன் கண்டெடுத்திருப்பது ஒரு சாவு.

பதில் நாக்கின் நுனியில் வந்து நின்றது. மிகச் சுலபமான பதில். கை கால் முடி எடுக்கத்தாங்க, எல்லாப் பொண்ணுங்களும் வச்சிருப்பாங்க. அவ்வளவு போதும். அவனுக்கு உயிர் திரும்ப வரும். தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பான். வைரக்கண்ணு வரை அந்தச் சிரிப்பு கேட்கும். வீட்டுக்குப் போகிற வழியில் மருந்துக் கடை இருக்கிறது, இன்னொரு ரேசர் இருக்கும். வழித்துவிட்டு நாளைக்குப் பல்வலி என்று சொல்லி லேசருக்குத் தேதி வாங்கிவிடலாம். பிறகு கோடை முழுக்க வெயிலுக்கு ஒளிய வேண்டும். கண்ணுக்கு ஒளிய வேண்டும். கைக்கு ஒளிய வேண்டும். ஊசியென்றால் ஒன்றரை வருடம், ஒவ்வொரு ஞாயிறும். அவன் வீட்டில் இருக்கிற ஒரே நாள். அத்தனை ஞாயிற்றுக்கும் அத்தனை பல் அவள் வாயில் இல்லை.

அவனைப் பார்த்தாள். தலையிலிருந்து தண்ணீர் வழிந்து புருவத்தில் தேங்கியிருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. காகித மடிப்பை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தான், அவள் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவாள் என்பதுபோல. விரிசலைக் கண்டுபிடிக்கிற கை.

எழில்மொழி கைகளைப் பின்னால் கொண்டுபோனாள். துப்பட்டாவின் முடிச்சு ஈரத்தில் இறுகியிருந்தது. நகம் வழுக்கியது. மறுபடி பற்றி இழுத்தாள். ஒரு சுற்று அவிழ்ந்தது. குளிர்ந்த காற்று கன்னத்தில் பட்டது. இரண்டாவது சுற்று தாடையில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. முடியில் நூல் சிக்கியிருந்தது. அதை மெல்லப் பிரித்து எடுத்தாள். வெளியிடத்தில் நாலு நாளில் முதல்முறையாக அவள் முகத்தில் வெளிச்சம் விழுந்தது. மழை வெளிச்சம், சாம்பல் நிறத்தில், எதையும் மறைக்காத வெளிச்சம். எதிர்க் கீற்றில் சிரிப்பு நின்றதா, அல்லது மழை பெரிதானதா என்று தெரியவில்லை. அந்தப் பக்கம் அவள் திரும்பவில்லை.

நெடுமாறன் இன்னும் தலை நிமிரவில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க," என்றாள். துணி இல்லாமல் தன் குரல் இவ்வளவு சத்தமாக இருக்கும் என்பதை மறந்துபோயிருந்தாள்.

"அந்தத் தாளக் கீழ போட்டுட்டு இங்க வாங்க. நாளைக்கு நான் தஞ்சாவூர்ல ஒரு எடத்துக்குப் போகணும். அது என்னத்துக்குன்னு அப்புறம் சொல்றேன். அதுக்கு முன்னாடி..." மூச்சை ஒரு முறை முழுசாக இழுத்து விட்டாள். "கண்ண மூடிக்கிட்டாலும் சரி, தொறந்து வச்சிருந்தாலும் சரி. ஒரு தடவ என் தாவாங்கட்டையப் புடிங்க."